தீவுக்கு மாற்றலாகி வரும் போலீஸ்காரருக்கு: துப்புக் கேட்கும் முன் தகவல் கொடுங்கள்

இராமநாதபுரம் மாவட்டத்தில் போலீஸாகச் சேர்ந்து, சட்டம் ஒழுங்கு, மகளிர் காவல் நிலையம், கடைசியில் மெரைன் (கடலோரப் பாதுகாப்புக் குழுமம்) என்று மாறி மாறி வேலை பார்த்து, சிறப்பு சார்பு ஆய்வாளராக ஓய்வு பெற்றவள் நான். சர்வீஸில் பெரும்பகுதி பாம்பன் தீவில்தான் போனது. சொந்த ஊர் பரமக்குடிப் பக்கம். கடலுக்கும் எனக்கும் அதற்கு முன்பு சம்பந்தமே கிடையாது.

புதிதாகப் போஸ்டிங் வாங்கி வரும் தம்பிகளும் தங்கைகளும் இன்னமும் போன் செய்கிறார்கள். "அக்கா, இந்த ஊர்ல யாரும் வாயே திறக்க மாட்டேங்கிறாங்க, எப்படிப் பழகுறது?" என்று கேட்கிறார்கள். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். நீங்கள் இதுவரை அவர்களுக்கு என்ன சொன்னீர்கள்? தீவில் போலீஸ் எப்போதும் கேட்டுக்கொண்டே வருகிறது. படகில் யார் போனான், அந்தப் பையன் எங்கே, இந்த மூட்டை யாருடையது என்று. சொல்வதற்கென்று ஒருநாளும் வருவதில்லை. இதை மாற்றினால் மற்றதெல்லாம் மெல்ல மாறும். எப்படி என்பதை எனக்குத் தெரிந்த வரை எழுதுகிறேன். ஊர் கமிட்டியில் இருப்பவர்களும் படிக்கலாம். போலீஸிடம் எதையெல்லாம் கேட்டு வாங்க உரிமை இருக்கிறது என்று தெரிந்துகொள்ள உதவும்.

முதலில் தீவைப் புரிந்துகொள்ளுங்கள்

உள்ளே வர ஒரு ரோடு பாலம், 1988-ல் திறந்தது. பக்கத்தில் ரயில் பாலம்; 1914-ல் கட்டிய பழையதன் இடத்தில் 2025 ஏப்ரலில் புதியது வந்துவிட்டது. அவ்வளவுதான் வழி. பாம்பன், தங்கச்சிமடம், இராமேஸ்வரம், அப்புறம் தனுஷ்கோடி என்று ஒரே ரோட்டில் எல்லாம் அடங்கிவிடும். அதனால் உங்கள் ஜீப் பாம்பனைத் தாண்டும்போதே தங்கச்சிமடத்தில் தெரியும். யார் ஸ்டேஷனுக்குள் போனார், எவ்வளவு நேரம் இருந்தார், முகம் எப்படி இருந்தது என்பது சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரியும். சென்னையில் ஒருவர் ஸ்டேஷனுக்குப் போய் வருவதை யாரும் கவனிக்க மாட்டார்கள். இங்கே அது அவர் வாழ்க்கையில் ஒரு சம்பவம்.

இரண்டாவது, சீருடை. இத்தனை சீருடை நடமாடுகிற ஊர் தமிழ்நாட்டில் வேறு இருக்குமா என்று தெரியவில்லை. லோக்கல் போலீஸ், மெரைன் போலீஸ், மஃப்டியில் உளவு பார்க்கும் கியூ பிரிவு, சுங்கம், வனத்துறை, ரயில்வே போலீஸ், கடற்படை, கடலோரக் காவல்படை. கடலுக்குள் போனால் எதிரே இலங்கைக் கடற்படை. கடல்பாசி எடுக்கத் தீவுகளுக்குப் போகிற சின்னப்பாலத்துப் பெண்ணுக்கு, மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவுக்குள் வராதே என்று தடுத்தது வனத்துறையா போலீஸா என்பது முக்கியமே இல்லை. தடுத்தது காக்கி. அந்தக் கோபம் அடுத்த நாள் உங்கள் மேல் வரும். "அது நாங்க இல்லம்மா" என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். எந்த ஆபீஸ், எந்த அதிகாரியிடம் மனு கொடுக்க வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உங்கள் வேலை இல்லைதான். ஆனால் முதல் நம்பிக்கை பெரும்பாலும் இப்படி, உங்கள் வேலை இல்லாத ஒன்றைச் செய்து கொடுக்கும்போதுதான் வரும்.

கடலின் நேரத்துக்கு உங்கள் ரோந்தை மாற்றுங்கள்

பீட் நோட்டில் காலை பத்து மணி, மாலை ஐந்து மணி என்று எழுதி வைத்திருப்பார்கள். அந்த நேரத்தில் கரையில் யாரும் இருக்க மாட்டார்கள், இருந்தால் தூங்கிக்கொண்டிருப்பார்கள். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் 3 நாள், நாட்டுப்படகுக்கு 4 நாள் என்று பிரித்திருக்கிறார்கள். இராமேஸ்வரத்தில் விசைப்படகு திங்கள், புதன், சனி கிளம்பும், மறுநாள் காலை திரும்பும். நீங்கள் போக வேண்டியது அந்தத் திரும்பும் காலையில். மீன் இறங்கி, ஏலம் முடிந்து, ஐஸ் வண்டி கிளம்பும் வரை சும்மா நில்லுங்கள். ஏலம் நடக்கும்போது குறுக்கே பேசாதீர்கள். அது அவர்களுடைய சம்பள நேரம். மீன் வாங்காதீர்கள். வாங்கினால் காசு கொடுத்து, எல்லோர் கண் முன்னாலும் கொடுத்து வாங்குங்கள். ஓசி மீன் ஒரு பையோடு போய்விட்டால் நீங்கள் அங்கே நின்ற அத்தனை காலையும் வீண்.

பகலில் கரை பெண்களுடையது. ஆண்கள் கடலில் இருக்கும்போது வட்டிக்காரரைச் சமாளிப்பது, பள்ளிக்கூடத்துக்குப் போவது, கருவாடு போடுவது, சண்டை விலக்குவது எல்லாம் அவர்கள்தான். ஊர்த் தலைவர், சங்கத் தலைவர், சம்மாட்டி (படகு முதலாளி) என்று ஆண்களிடம் மட்டும் பேசிவிட்டுத் திரும்புகிற இன்ஸ்பெக்டர்கள் ஊரில் பாதியைப் பார்க்காமலே மாற்றலாகிப் போகிறார்கள். பெண் போலீஸ் ஒருவரையாவது பகல் ரோந்தில் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். மகளிர் குழுக் கூட்டம் நடக்கும் நாளைத் தெரிந்துகொண்டு, அனுமதி கேட்டு, பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். லத்தி வண்டியிலேயே இருக்கட்டும்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், 61 நாள். விசைப்படகுக்காரர்கள் எல்லோரும் கரையில் இருப்பார்கள், கையில் காசு இருக்காது, சாராயக் கடைச் சண்டையும் கூடும். புதிதாக வந்தவர் பழக இதைவிட நல்ல காலம் கிடையாது. படகுக்கு வர்ணம் அடிக்கும் இடத்திலும் வலை பின்னும் இடத்திலும் போய் உட்காருங்கள்.

கொடுக்க வேண்டிய தகவல் என்ன?

இதுதான் முக்கியமான இடம், கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படை ஒரு படகைப் பிடிக்கிறது. பெரும்பாலும் இரவில். மற்ற படகுகள் வழியாகச் செய்தி விடியற்காலையில் கரைக்கு வரும். வரும்போதே நாலு விதமாக வரும். யாரைப் பிடித்தார்கள், அடித்தார்களா, படகு முழுகியதா என்று ஒன்றும் உறுதியாகத் தெரியாது. ஜெட்டியில் பெண்கள் கூடிவிடுவார்கள். அந்த நேரத்தில் போலீஸ் வழக்கமாகச் செய்வது மறியல் நடக்காமல் பந்தோபஸ்து போடுவது. அதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருக்கிறது. மீன்வளத்துறை உதவி இயக்குநர் அலுவலகத்திலிருந்து படகின் பதிவு எண், போனவர்கள் பட்டியல் இரண்டையும் வாங்கி, உறுதியானதை மட்டும் வீட்டுக்காரர்களிடம் நேரில் சொல்லுங்கள். உறுதியில்லாததை, "இன்னும் தெரியலம்மா, மதியம் பன்னிரண்டு மணிக்கு இதே இடத்துக்கு வந்து சொல்றேன்" என்று சொல்லுங்கள். பன்னிரண்டு மணிக்குப் போங்கள். புதுத் தகவல் இல்லாவிட்டாலும் போய், இல்லை என்று சொல்லுங்கள்.

பிறகு எந்த நீதிமன்றம், ஊர்காவற்றுறையா மன்னாரா. எந்தச் சிறை, யாழ்ப்பாணமா வவுனியாவா. காவல் எந்தத் தேதி வரை என்று மீனவர் சங்கத்துக்குத் தகவல் வரும். அதை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு வீட்டிலும் கொடுங்கள். படிக்கத் தெரியாதவருக்குப் படித்துக் காட்டுங்கள். தலைவர் வீட்டு வாசலில் போய் நின்று கெஞ்சித்தான் தன் புருஷன் எந்த ஜெயிலில் இருக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை ஒரு பெண்ணுக்கு இருக்கக் கூடாது. அவள் அதை மறக்கவே மாட்டாள். நீங்கள் சொன்னதையும் மறக்க மாட்டாள்.

அடுத்தது வானிலை. பாம்பன் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றினால் டிவியில் வந்துவிடும். ஆனால் எந்த எண் எதைச் சொல்கிறது என்பது எல்லோருக்கும் தெரியாது. 1, 2 என்றால் தூரத்தில் உருவாகியிருக்கிறது. 3 ஏறினால் துறைமுகத்துக்கே பலத்த காற்று வரும் என்று அர்த்தம். சர்ச் மைக்கிலும் பள்ளிவாசல் மைக்கிலும் கோயில் மைக்கிலும் இதை விளக்கிச் சொல்ல முன்கூட்டியே பேசி வையுங்கள். 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயலைப் பற்றிச் சொல்லப் பெரியவர்கள் இன்னும் வீடுகளில் இருக்கிறார்கள். இந்த ஊரில் புயல் தகவலை முதலில் கொண்டுவருபவருக்கு ஒரு தனி மரியாதை உண்டு.

மூன்றாவது, அவர்கள் கொடுத்த புகாரின் கதி. புகார் வாங்கினால், பதிவு செய்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது உடனே கையில் போக வேண்டும். எஃப்.ஐ.ஆர். போட்டால் நகல் இலவசம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய நடைமுறைச் சட்டப்படி, விசாரணை எந்த நிலையில் இருக்கிறது என்று 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும். தீவில் 90 நாள் வரை காத்திருக்காதீர்கள், நீங்கள் தினமும் அந்தத் தெரு வழியாகத்தான் போகிறீர்கள். "என்ஜின் திருடு போன கேஸ்ல இன்னும் ஆள் கிடைக்கல, மதுரைப் பக்கம் விசாரிக்கச் சொல்லியிருக்கோம்" என்று நின்று இரண்டு வார்த்தை சொன்னால் போதும்.

கடலில் காணாமல் போனால்

ஒரு வல்லம் (நாட்டுப்படகு) திரும்பவில்லை என்று வீட்டார் வந்தால் அவர்களை அலைக்கழிக்காதீர்கள். லோக்கல் ஸ்டேஷனுக்குப் போனால் மெரைனுக்குப் போ என்பது, மெரைனுக்குப் போனால் எந்த ஊரில் கிளம்பியதோ அங்கே போ என்பது. ஒரு ஸ்டேஷனில் இப்படி அனுப்பப்பட்டு, கைக்குழந்தையோடு மூன்றாவது வாசலில் நின்ற பெண்ணை நான் பார்த்திருக்கிறேன். எல்லை எதுவானாலும் புகாரை முதலில் வாங்க வேண்டும் என்பது இப்போது சட்டமே. வாங்கிவிட்டு நீங்கள் மாற்றி அனுப்புங்கள், அவர்கள் அலைய வேண்டாம்.

முதல் பத்து நிமிடத்தில் கடலோரக் காவல்படைக்கு 1554-லும் நம் கட்டுப்பாட்டு அறைக்கு 1093-லும் சொல்லுங்கள். கிளம்பிய இடம், நேரம், எத்தனை பேர், படகின் நிறம், என்ஜின், எந்தத் திசை, செல்போன் எண், உயிர்காக்கும் ஜாக்கெட் இருந்ததா என்று கேட்டு எழுதுங்கள். காற்று எந்தத் திசையிலிருந்து அடிக்கிறது, வாடையா கச்சானா, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வயசான மண்டாடி (படகை நடத்திப் பழகியவர்) ஒருவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். எங்கே தேட வேண்டும் என்பதை அவர்தான் சரியாகச் சொல்வார். தேடப் போகும் நாட்டுப்படகுக்காரர்களின் பெயரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அவர்களும் பத்திரமாகத் திரும்ப வேண்டும்.

ஆள் கிடைக்காமலே போய்விட்டால், எஃப்.ஐ.ஆர். மிக முக்கியம். உடல் கிடைக்காத மரணத்தை ஏழு வருடம் கழித்துத்தான் சட்டம் பொதுவாக அனுமானிக்கும். நிவாரணம், பேங்க் கணக்கு, பிள்ளைகளின் சான்றிதழ் என்று எதற்குப் போனாலும் அந்த ஒரு தாளைத்தான் கேட்பார்கள். அதில் பெயரின் ஒரு எழுத்து ஆதாரோடு பொருந்தாவிட்டால் அந்தக் குடும்பம் வருடக்கணக்கில் அலையும். ரைட்டர் எழுதியதை வீட்டாருக்கு முழுவதும் வாசித்துக் காட்டிவிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்கள்.

ஆள்காட்டியை உருவாக்காதீர்கள்

கடல் அட்டை, கஞ்சா, பீடி இலை, மஞ்சள் இலங்கைப் பக்கம் போகிறது. தங்கம் இந்தப் பக்கம் வருகிறது. மேலே இருந்து "இன்ஃபார்மர் பிடி" என்று அழுத்தம் வரும். தீவில் ஒருவனைத் தனியாகக் கூப்பிட்டு டீ வாங்கிக் கொடுத்தாலே அவன் ஆள்காட்டி. அப்புறம் அவனைப் படகில் ஏற்ற மாட்டார்கள், பங்கு கிடைக்காது, தங்கச்சிக்கு மாப்பிள்ளை வராது. உங்களுக்கு ஒரு கேஸ் கிடைக்கும், அவனுக்கு ஊர் போய்விடும். அதைப் பார்த்த மற்ற எல்லோரும் வாயை மூடிக்கொள்வார்கள்.

அதற்குப் பதில் 1093 எண்ணை எல்லோருக்கும் பரப்புங்கள். ஐஸ் கம்பெனிச் சுவரில், வலைக்கூடத்தில், டீக்கடையில் எழுதி வையுங்கள். யார் பேசினார்கள் என்று கேட்க மாட்டோம் என்று ஊர்க்கூட்டத்தில் வாக்குக் கொடுங்கள். கொடுத்தபின் எக்காரணம் கொண்டும் கேட்காதீர்கள். தகவல் வந்து நடவடிக்கை எடுக்கும்போது, நேராக அந்த இடத்துக்கே போய் நின்றுவிடாமல் வழக்கமான சோதனை மாதிரி நாலு இடத்தில் பாருங்கள். சொன்னவரைக் காப்பாற்றுவது உங்கள் கையில் இருக்கிறது.

இன்னொன்றும் மனதாரச் சொல்கிறேன். கடல் அட்டையை 2001-ல் வனவிலங்குச் சட்டத்தின் பட்டியலில் சேர்த்தார்கள். அதுவரை அதைப் பிடித்து விற்றது ஒரு சாதாரணத் தொழில். வலையில் தானாக ஏறி வந்த அட்டையோடு நிற்கிற கூலி ஆளையும், டன் கணக்கில் பதப்படுத்திக் கடத்துகிற வியாபாரியையும் ஒரே கண்ணால் பார்த்தால், கூலி ஆள்தான் எப்போதும் சிக்குவான். ஊர் அதை எண்ணிக்கொண்டே இருக்கும்.

2022 மார்ச்சில் இலங்கை நெருக்கடியில் குடும்பம் குடும்பமாக மக்கள் தனுஷ்கோடிப் பக்கம் வந்து இறங்கினார்கள். சிலரை மணல் திட்டில் இறக்கிவிட்டுப் படகுக்காரர்கள் போய்விடுவார்கள். குடிக்கத் தண்ணீர் இல்லாமல் பிள்ளைகளோடு நின்றார்கள். அவர்களைப் பற்றி நமக்குப் பல தடவை முதலில் சொன்னது நாட்டுப்படகு மீனவர்கள். யாரும் அவர்களை இன்ஃபார்மராக நியமிக்கவில்லை. போன் செய்தால் நம்மைத் திட்ட மாட்டார்கள், சாட்சி சொல்ல அலைய விட மாட்டார்கள் என்ற நம்பிக்கை இருந்ததால் செய்தார்கள்.

ஊர் ஆளுக்கு லத்தி கொடுக்காதீர்கள்

போலீஸும் ஜனங்களும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்று ஆரம்பித்த ஃப்ரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் பிறந்தது நம் மாவட்டத்தில்தான். 1993-ல் எஸ்.பி.யாக இருந்த பிரதீப் வி. பிலிப் தொடங்கியது. நல்ல யோசனை, அப்புறம் மாநிலம் முழுக்கப் பரவியது. 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் தாக்கப்பட்டு இறந்தபோது அந்தப் பெயரும் அடிபட்டது. ஜூலையில் அரசு அந்த அமைப்பைத் தடை செய்தது. அதன் பிறகு கரையில் என்னிடம் நேரடியாகவே கேட்டார்கள், "எங்க பையனைக் கூட்டிட்டுப் போனாலும் இப்படித்தானா?" என்று.

விழிப்புக் குழு வையுங்கள், இளைஞர்களைச் சேருங்கள். ஆனால் வாகனச் சோதனைக்கோ, ஆளைப் பிடிக்கவோ, ஸ்டேஷனுக்குள் நிற்கவோ அவர்களை விடாதீர்கள். சாகர் கவாச் என்கிற கடலோரப் பாதுகாப்பு ஒத்திகையில் ஊடுருவ வரும் ஆட்களைக் கண்டு சொல்வது, புயலில் முகாமுக்குக் கூட்டிப் போவது, இவை அவர்களுக்குச் சரியான வேலை. போலீஸ் அதிகாரத்தில் ஒரு துண்டைக் கொடுத்தால் அவன் ஊரில் பழைய பகையைத் தீர்க்கப் பார்ப்பான், பழி நம் எல்லோருக்கும்.

ஒருவரை ஸ்டேஷனுக்கு அழைத்துப் போகும்போது

பெண்களையும் 15 வயதுக்குக் கீழானவர்களையும் 60 வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லக் கூடாது. நாம்தான் வீட்டுக்குப் போக வேண்டும். கைது என்றால் வீட்டாருக்கு உடனே சொல்ல வேண்டும். 1996-ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது, இப்போது சட்டத்திலும் இருக்கிறது. தீவில் நான் இன்னும் ஒன்று சேர்த்துச் செய்யச் சொல்வேன். எங்கே கொண்டுபோகிறோம், எந்த அதிகாரி பொறுப்பு, யாரிடம் போன் செய்து கேட்கலாம் என்று எழுதி அம்மா கையிலோ மனைவி கையிலோ கொடுங்கள். அந்தத் தாள் இல்லாவிட்டால் ஜீப் பாலம் ஏறுவதற்குள் "அடிச்சுக் கொல்றாங்க" என்று வாட்ஸ்அப்பில் போய்விடும், தங்கச்சிமடத்தில் ரோடு மறியல் நடக்கும். விடும்போதும் நடுராத்திரியில் தனியாக அனுப்பாதீர்கள். வீட்டார் வந்து அழைத்துப் போகட்டும்.

ஊர்ப் பஞ்சாயத்துக்கு விடலாம், விடக் கூடாது

வலை அறுந்தது, படகு இடித்தது, பங்குப் பணத் தகராறு, இவற்றை ஊர் பேசித் தீர்த்தால் தலையிடாதீர்கள். அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும். விசைப்படகு நாட்டுப்படகு வலையை இழுத்துக்கொண்டு போனது, இரட்டைமடி (இரண்டு படகு சேர்ந்து இழுக்கும் வலை) போட்டார்கள் என்றால் மீன்வளத்துறையையும் உட்கார வைத்துப் பேசுங்கள்.

ஆனால் பெண்ணை அடித்தது, குழந்தையைத் தொட்டது, இதில் ஊர்ப் பஞ்சாயத்து கிடையாது. தலைவர் வந்து "நாங்க பேசிக்கிறோம் மேடம், ஊர் மானம்" என்பார். மரியாதையாக, உறுதியாக, முடியாது என்று சொல்லுங்கள். போக்சோ வழக்கில் குழந்தையிடம் வாக்குமூலம் வாங்கும்போது சீருடை அணியக் கூடாது என்பது சட்டம். அவள் வீட்டுக்கோ அவள் விரும்பும் இடத்துக்கோ சாதாரணச் சேலையில் போங்கள், ஜீப்பைத் தள்ளி நிறுத்துங்கள். தெருவே பார்த்துக்கொண்டிருக்கும் ஊரில் இந்த ஒரு ஏற்பாடு அந்தக் குழந்தையைப் பாதி காப்பாற்றிவிடும். 181, 1098 எண்களைப் பெண்களிடம் மட்டும் இருக்கும்போது கொடுங்கள். இப்படி ஒரு கேஸில் தலைவரிடம் நீங்கள் வளைந்து கொடுத்தால் அவர் நட்பு கிடைக்கும், ஊரின் பெண்கள் எல்லோரும் போய்விடுவார்கள்.

மாற்றல் வரும்போது

தீவில் யாரும் அதிக வருடம் இருப்பதில்லை. நீங்கள் சம்பாதித்த பழக்கம் உங்களோடு கிளம்பிவிடக் கூடாது. அடுத்து வருபவரை ஒவ்வொரு கிராமத்துக்கும் நீங்களே கூட்டிப் போய் அறிமுகம் செய்யுங்கள். ஊர்த் தலைவரிடம் மட்டும் செய்யாதீர்கள். பெண்கள் குழு, ஏலக்காரர், ஃபாதர், இமாம், பூசாரி, பள்ளி ஹெட்மாஸ்டர் எல்லோரிடமும் செய்யுங்கள். கடலோரக் காவல்படை, கடற்படைத் தேர்வுக்குக் கடலோரப் பாதுகாப்புக் குழுமம் நடத்தும் பயிற்சிக்கு எந்தெந்தப் பிள்ளைகளின் பெயரைக் கொடுத்திருக்கிறீர்கள் என்று பட்டியல் கொடுங்கள். காணாமல் போனவர்கள், இலங்கைச் சிறையில் இருப்பவர்கள், தகவல் சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்த வீடுகள், இந்த மூன்றையும் தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டு ஒப்படையுங்கள். போன் நம்பர் விஷயமும் இருக்கிறது. ஜனங்களுக்கு உங்கள் சொந்த நம்பரைக் கொடுத்துப் பழக்காதீர்கள். ஸ்டேஷன் பெயரில் இருக்கும் சி.யூ.ஜி. நம்பரை முதல் நாளிலிருந்தே கொடுங்கள். நீங்கள் சிவகங்கைக்குப் போன பிறகும் ராத்திரி இரண்டு மணிக்கு அந்த நம்பரை எடுக்க ஆள் இருக்க வேண்டும்.